மழலையர் பட்டமளிப்பு விழாவுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டுமா?

கேள்வி: என் மகன் திருப்பூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறான். மார்ச் கடைசியில் கல்யாண மண்டபம் ஒன்றில் பட்டமளிப்பு விழா நடத்தப் போவதாகவும், அங்கி, தொப்பி, சான்றிதழ், சட்டம் போட்ட புகைப்படம், நடன உடை எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூ. 2,800 கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பணத்தைப் பள்ளி அலுவலகத்தில் வாங்காமல், விழா ஏற்பாடு செய்பவரின் செல்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கட்டாவிட்டால் சான்றிதழ் கிடையாது, ஒன்றாம் வகுப்பு இடமும் உறுதியில்லை என்கிறார் வகுப்பு ஆசிரியை. நான் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். அந்த அங்கித் துணி என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியும். கட்டித்தான் ஆக வேண்டுமா? பையன் மட்டும் மேடை ஏறாமல் நின்றால் ஏங்கிப் போவானே என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: கட்ட வேண்டியதில்லை. கட்டவில்லை என்பதற்காக உங்கள் மகனின் ஒன்றாம் வகுப்பு இடத்தில் பள்ளி கை வைக்கவும் கூடாது. கல்வித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர், கேட்கப்படும் பணத்தைவிடவும் அதோடு சேர்த்துச் சொல்லப்படும் மிரட்டலுக்குத்தான் அஞ்சுகிறார்கள். அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

முதலில் சான்றிதழ். யு.கே.ஜி. முடித்ததற்கு என்று சட்டம் எந்தச் சான்றிதழையும் கேட்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு பேசுவது தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும் குழந்தைக்குத் தரப்படும் சான்றிதழைப் பற்றி மட்டுமே. பட்டம் வழங்கும் அதிகாரமோ 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கு உரிமை பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. மண்டபத்து மேடையில் தங்க நிற எல்லை போட்டுக் கொடுக்கப்படும் அந்தத் தடித்த காகிதத்தை நாளை எந்தப் பள்ளியும் எந்த அலுவலகமும் கேட்கப் போவதில்லை. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பார்ப்பது வயதை. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும்; அதுவே இல்லை என்றாலும், வயதுச் சான்று இல்லாத காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது.

அடுத்தது பணம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அப்படி நிர்ணயித்த கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். அந்தத் தொகைக்கு மேல் எந்தப் பெயரில் கட்டாயமாக வாங்கினாலும் அது கூடுதல் கட்டணம்தான். மாணவருக்கே திருப்பித் தரப்பட வேண்டியது. தண்டனையும் சாதாரணமானதல்ல: மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறை, ரூ. 50,000 வரை அபராதம். ஆனால், இந்தப் பிரிவின்படி ஒரு தாளாளர் சிறைக்குப் போனதாக என் பணிக்காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. சட்டம் எழுதிய கைகளுக்கு அதை நடைமுறைப்படுத்தும் மனம் வாய்க்கவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், உங்கள் பள்ளியின் கட்டண நிர்ணய ஆணையைக் கேட்டுப் பார்ப்பது. யு.கே.ஜி.க்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். இந்த ஆண்டு நீங்கள் வைத்திருக்கும் ரசீதுகளைக் கூட்டி அதனோடு ஒப்பிடுங்கள். பள்ளி காட்ட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விழாவுக்கு முன் பதில் வராமல் போகலாம் என்றாலும், அந்த ஆணை வரும் ஆண்டுகளிலும் உங்களுக்குப் பயன்படும்.

பள்ளி நிர்வாகம் இதற்கு வைத்திருக்கும் ஆயத்தமான பதில், ‘இது கட்டணம் அல்ல, விருப்பமுள்ளவர்கள் மட்டும் கட்டலாம்’ என்பது. உண்மையிலேயே விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தால் அதில் நான் குறுக்கிட மாட்டேன். குழந்தைக்கு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் பெற்றோரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் எழுத்தில் விருப்பம் என்று போட்டுவிட்டு, வகுப்பறையில் பிள்ளையை எழுப்பி நிறுத்தி ‘உங்க அம்மா ஏன் இன்னும் பணம் கட்டலை?’ என்று கேட்டால் அது விருப்பம் அல்ல. இங்கே ஒரு கண்ணியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பல பள்ளிகள் இப்போது ஒரு படிவத்தை நீட்டுகின்றன. ‘எங்கள் சொந்த விருப்பத்தின் பேரிலேயே இத்தொகையைச் செலுத்துகிறோம், பின்னாளில் திரும்பக் கோர மாட்டோம்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரிகள், கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. டைரிக்குள் மடித்து வைத்து, மறுநாள் காலையே கையெழுத்தோடு வர வேண்டும் என்று அனுப்புவார்கள். பின்னால் யாராவது புகார் கொடுத்தால் விசாரணையில் முதலில் மேசைக்கு வருவது அந்தத் தாள்தான். பணத்தையே கட்டினாலும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதேபோல் அறக்கட்டளைப் பெயரில் ‘நன்கொடை’ என்று ரசீது தந்தால் வாங்காதீர்கள். அறிவிக்கப்பட்ட கட்டணம் தவிர்த்து வாங்கும் எந்த நன்கொடையையும் கல்வி உரிமைச் சட்டம் தலைவரிப் பணமாகவே (‘கேப்பிடேஷன் பீஸ்’) கருதுகிறது, சேர்க்கையின்போது அதை வாங்குவதற்குப் பத்து மடங்கு வரை அபராதம் என்றும் சொல்கிறது. இப்படியிருந்தும் ஏப்ரல், மே மாதங்களில் ‘பில்டிங் பண்ட்’ கேட்காத பள்ளியைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது செல்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னதுதான். இந்த ஏற்பாட்டாளர்கள் ஒரு பருவத்தில் பல பள்ளிகளைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே கட்டு அங்கிகள் வெள்ளிக்கிழமை ஒரு பள்ளியிலும் சனிக்கிழமை இன்னொரு பள்ளியிலும் மேடை ஏறுகின்றன. பளபளக்கும் பாலியஸ்டர் சாட்டின், கழுத்துக்குப் பின்னால் ஓர் ஊக்கு, தொப்பி நழுவாமலிருக்கத் தாடைக்குக் கீழே ஓர் எலாஸ்டிக். குழந்தை உயரமோ குட்டையோ, அளவு ஒன்றுதான். துவைக்காமல் மடித்த அங்கியைப் போட்டுக் கழுத்தெல்லாம் சிவந்து போன பிள்ளைகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தையல் தெரிந்த நீங்கள் அதன் மதிப்பை என்னைவிடச் சரியாகச் சொல்வீர்கள். பெற்றோர் தருவது வாடகை. ஆனால் சுற்றறிக்கையைப் படித்தால் விலைக்கு வாங்கிக்கொடுப்பது போலத் தோன்றும். விழா முடிந்த உடனே அங்கியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். புகைப்படமோ ஜூன் வந்த பிறகும் கைக்கு வராது. பள்ளியைக் கேட்டால் ‘அவரிடம் கேளுங்கள்’ என்பார்கள், அவரை அழைத்தால் எண் அணைக்கப்பட்டிருக்கும். பள்ளியின் பெயரும், தேதியும், எதற்காக என்ற விவரமும் அச்சிட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘நான் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன், எனக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று முன்வரும் பெற்றோரிடமும் தராதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் பணம் யார் கைக்குப் போனது என்ற தடயம் அங்கேயே அறுந்துவிடுகிறது. ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், சொன்ன பொருள் வராத நிலையில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்; ஏனெனில் ஏற்பாட்டாளர் ஒரு வியாபாரி, பள்ளி அல்ல.

ஒன்றாம் வகுப்பு இடம் உறுதியில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரே பள்ளியில் யு.கே.ஜி.யிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் குழந்தையைப் புதிதாகச் சேர்ப்பது போல நடத்துவதும், விழாப் பணத்தை அதற்கு நிபந்தனையாக்குவதும் முறையற்றவை. கசப்பு முற்றி வேறு பள்ளிக்கு மாற்ற நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழைத் தடுத்து வைப்பார்களோ என்று நீங்கள் அஞ்சலாம். கட்டண பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. இப்போதைய சிக்கல் காகிதத்தில் இல்லை, கணினியில் இருக்கிறது: பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் குழந்தையின் பெயரை ‘காமன் பூல்’ என்னும் பொதுப் பட்டியலுக்கு விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி இழுத்தடித்தால் எமிஸ் எண்ணைக் குறிப்பிட்டுக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ஒரு பொத்தானை அழுத்த வேண்டிய வேலைக்கு ஒரு தாய் மூன்று அலுவலகம் ஏற வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் ஏறினால் வேலை நடக்கும்.

உங்கள் மகன், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவனா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் நிலைமை வேறு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீட்டுச் சேர்க்கை எல்.கே.ஜி.யிலேயே தொடங்குவதால், யு.கே.ஜி. வகுப்புகளில் அத்தகைய குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கான கட்டணத்தைப் பள்ளிக்கு அரசு ஈடுசெய்கிறது. பாடநூல், சீருடை உள்ளிட்ட செலவுகளையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எட்டாம் வகுப்பு முடியும் வரை அக்குழந்தையின் இடம் அந்தப் பள்ளியில் உறுதி. ஒன்றாம் வகுப்புக்கு என்று தனியாக உறுதி கேட்கவே தேவையில்லை. மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் ஈட்டுத்தொகை தாமதமானது உண்மை. சிறு பள்ளிகள் அதனால் திணறியதும் உண்மை. ஆனால் அந்தப் பாக்கியைப் பெற்றோரிடம் விழாக் கட்டணமாகவும், ‘ஆக்டிவிட்டி பீஸ்’ ஆகவும், நோட்டுப் புத்தகமாகவும் பிரித்துப் பிரித்து வசூலிக்கப் பள்ளிக்கு உரிமை கிடையாது. ஒதுக்கீட்டுப் பிள்ளைகளைத் தனி வரிசையில் அங்கி இல்லாமல் உட்கார வைத்த ஒரு விழாவைப் பற்றி என்னிடம் புகார் வந்ததுண்டு. நலிந்த பிரிவுக் குழந்தைகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் சட்டத்தை மேடை போட்டு மீறும் செயல் அது. உங்கள் மகன் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவன் என்றால், கீழே சொல்லும் கடிதத்தின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

கடிதம் நீண்டதாக இருக்க வேண்டாம். பள்ளி முதல்வருக்கு, இந்த விழாத் தொகை கட்டாயமா விருப்பமா என்றும், கட்டாயம் என்றால் கட்டண நிர்ணய ஆணையில் எங்கே உள்ளது என்றும், கட்டாத குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பு மறுக்கப்படும் என்று வகுப்பு ஆசிரியை கூறியது நிர்வாகத்தின் முடிவா என்றும் கேட்டு, விரைவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பள்ளிகள் அந்தக் கடிதத்தைக் கண்டதுமே ‘கட்டாயம் ஒன்றுமில்லை’ என்று இறங்கிவிடும். ஆசிரியையோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு வகுப்புக்கு இவ்வளவு வசூல் என்று இலக்கு வைத்திருப்பார்கள், பாதிப் பள்ளிகளில் அவர் வாங்கும் சம்பளம் உங்கள் சம்பளத்தைவிடக் குறைவு.

பதில் வராவிட்டாலோ மிரட்டல் தொடர்ந்தாலோ, தனியார் பள்ளிகளுக்கென உள்ள மாவட்டக் கல்வி அலுவலரிடமும், சென்னைக் கட்டண நிர்ணயக் குழுவிடமும் ஒரே நேரத்தில் புகார் கொடுங்கள். 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். ஒரே நேரத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டணப் புகாரை விசாரிக்க வேண்டிய அலுவலரே சில ஊர்களில் அந்த விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போய், பொன்னாடை போர்த்திக்கொண்டு, பிள்ளைகள் கையில் சான்றிதழ் கொடுத்துவிட்டு வருகிறார். அவருக்காக மதியம் மூன்று மணியிலிருந்து மார்ச் மாதப் புழுக்கத்தில் அங்கியோடு காத்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளை அவர் பார்ப்பதில்லை. துறைக்குள் இருந்த காலத்தில் இதைத் தடை செய்யச் சொல்லி எழுதியவர்களில் நானும் ஒருவன், கோப்பு நகரவில்லை. எனவே உங்கள் மனுவின் நகல் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் பதிவாகியிருக்கட்டும்.

கடைசியாக, பையன் ஏங்கிப் போவானே என்ற உங்கள் கவலை. கட்டாதவர்களின் பிள்ளைகளையும் தங்கள் சீருடையிலேயே மேடை ஏற்ற வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். உங்களோடு கட்ட இயலாத மற்ற பெற்றோரும் கையொப்பமிட்டால் பள்ளி மறுப்பது கடினம். இவ்வளவுக்குப் பிறகும் குழந்தைக்காகக் கட்டிவிடலாம் என்று உங்கள் வீட்டில் முடிவெடுத்தால் அதில் தவறில்லை. அப்போது நடன உடையையும் புகைப்படத்தையும் தனித்தனி விலையாகப் பிரித்துத் தரச் சொல்லி, தேவையானதற்கு மட்டும், பள்ளி அலுவலகத்தில், ரசீதுக்கு எதிராகக் கட்டுங்கள். அங்கியை விழாவுக்கு முந்தைய நாளே வாங்கி, உங்கள் கையால் அலசிக் காயவைத்து, கழுத்து ஊக்கை எடுத்துவிட்டு இரண்டு தையல் போட்டு அனுப்புங்கள்.