ஜாவாவில் லூப்புக்குள் கூட்டல் குறி போட்டு ஸ்ட்ரிங் (எழுத்துகளின் தொடர்) சேர்க்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்த புதிதில், கோயம்பேட்டு மொத்த வியாபாரி ஒருவருக்குச் சரக்குக் கணக்கைத் தமிழில் எடுத்துத் தரும் புரோகிராம் எழுதினேன். லூப்புக்குள் ஒவ்வொரு வரியையும் பழைய ஸ்ட்ரிங்கோடு கூட்டிக்கொண்டே போனேன். 200 வரிக்குச் சட்டென்று ஓடியது. வருடக் கணக்கு, 10,000 வரி என்றதும் சர்வர் திணறிவிட்டது. பக்கத்து சீட்டு அண்ணன் என் புரோகிராமைப் பார்த்துவிட்டு, "முதல் வரியை மட்டும் எத்தனை தடவை காப்பி எடுக்கிற, தெரியுமா?" என்றார்.

10,000 தடவை. ஜாவாவில் உருவான ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாது. கூட்டும்போதெல்லாம் புது இடம் பிடித்து, பழையதை முழுக்கக் காப்பி எடுத்து, கடைசியில்தான் புது வரி ஒட்டுகிறது. வரிக்கு 100 எழுத்து என்றால் முடிவில் கையில் இருப்பது 10 லட்சம் எழுத்து. அதற்காகக் காப்பி ஆனது சுமார் 500 கோடி! பழைய பிரதிகளை, வேண்டாததை மெமரியிலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர் அள்ளிவிடும்தான். ஆனால் அள்ளுவதே அதற்குப் பெரிய வேலையாகிவிடும்.

தமிழ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஸ்ட்ரிங்கை ஜாவா 9-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பைட் என்று வைக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழு ஸ்ட்ரிங்குக்கும் இரண்டு பைட் கணக்கு. 'சென்னை' நமக்கு மூன்று எழுத்து. கொம்பு, புள்ளி, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனி என்பதால் ஜாவாவுக்கு ஆறு. ஆக 12 பைட்.

கூட்டல் குறிக்குப் பதிலாக, உரையைச் சேர்த்துக்கொண்டே போக ஜாவாவில் ஸ்ட்ரிங்பில்டர் இருக்கிறது. அது இந்தக் காப்பி வேலையை எப்படித் தவிர்க்கிறது? கையில் காலி இடம் வைத்துக்கொண்டு எழுதுகிறது. இடம் தீர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும், அதனால் காப்பி எப்போதாவதுதான். தொடக்க அளவு 16 எழுத்துதான். மொத்த நீளம் தோராயமாகத் தெரிந்தால் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பைத்தானில் என்றால் வரிகளை லிஸ்ட்டில் சேர்த்து, கடைசியில் ஜாயின் போட்டு ஒரே தடவையில் ஒட்டலாம். லூப் இல்லாமல் பெயரையும் ஊரையும் ஒரே வரியில் ஒட்ட, கூட்டல் குறியே போதும். அதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், ஸ்ட்ரிங்பில்டர் போட்டாலும் முழுக் கணக்கும் மெமரியில்தான் உட்கார்ந்திருக்கும். என் அறிக்கை கடைசியில் ஃபைலுக்குத்தான் போனது. அண்ணன் அந்த ஸ்ட்ரிங்கையே எடுத்துவிட்டு, ஃபைலில் எழுத உதவும் பஃபர்டுரைட்டர் வழியாக ஒவ்வொரு வரியையும் நேரே ஃபைலில் எழுத வைத்தார். உங்கள் உரையும் ஃபைலுக்கோ நெட்வொர்க்குக்கோ போவதென்றால், அதை முதலில் செய்து பாருங்கள்.