மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் வீட்டுக் கடன் எப்போது முடியும்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மூன்று வருடங்களுக்கு முன் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். 20 வருடத் தவணை, மாறும் வட்டி, இப்போது 8.5%. இஎம்ஐ 26,035 ரூபாய். சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் சேர்த்துக் கட்டலாமா, இல்லை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்ஐபியில் போடலாமா? முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா?”

கட்டலாம். அதற்கு முன் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். வட்டி 8.5 சதவீதத்திலேயே இருந்தது என்று வைத்துக்கொண்டால், முதல் தவணை 26,035 ரூபாயில் 21,250 வட்டிக்கே போயிருக்கும். அசலில் கழிந்தது 4,785தான். இதுவரை 36 தவணைகளில் 9.37 லட்சம் கட்டிவிட்டீர்கள், அசலோ 1.95 லட்சம்தான் குறைந்திருக்கிறது. பாக்கி 28 லட்சத்துக்கு மேல். வங்கி ஏமாற்றவில்லை. நிலுவைத் தொகைக்குத்தான் வட்டி. ஆரம்ப வருடங்களில் நிலுவை பெரிது, அவ்வளவுதான்.

நீங்கள் கூடுதலாகக் கட்டும் 5,000 ரூபாய் முழுக்க அசலில் கழியும். இனி பாக்கியுள்ள 204 மாதங்கள் 145 ஆகச் சுருங்கும். கிட்டத்தட்ட ஐந்து வருடம் மிச்சம், வட்டியில் 8 லட்சம் ரூபாய் மிச்சம். இதையே கடைசி ஐந்து வருடத்தில் ஆரம்பித்தால் மிச்சமாவது 60,000 ரூபாய்கூட இல்லை. ஆகவே ‘பிள்ளைகள் படிப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் பெரிய பலன் இருக்காது.

அபராதக் கவலை வேண்டாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் கதை வேறு. அனுமதிக் கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பலர் கோட்டை விடுவது பணம் கட்டும் முறையில்தான். கடன் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சில இடங்களில் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக உட்கார்ந்துவிடும், அசலில் கழியாது. நெட் பேங்கிங்கில் ‘பார்ட் பேமென்ட்’ என்று தனியாக இருந்தால் அதில் கட்டுங்கள். இல்லையென்றால் கிளைக்கு மின்னஞ்சலோ கடிதமோ கொடுங்கள்: “இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், இஎம்ஐ மாறாமல் தவணைக் காலத்தைக் குறைக்கவும்.” அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். காலத்தை அப்படியே வைத்து இஎம்ஐயைக் குறைத்தால் மாதச் சுமை இறங்கும், ஆனால் வட்டி மிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். வேலை நிச்சயமில்லாதவர்களுக்கு மட்டும் அது சரியான வழி. கட்டிய அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட்டில் அசல் குறைந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். சிறு தொகையைப் பகுதியாக வாங்க மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. அப்படியானால் ஆர்டியில் (மாதத் தொடர் வைப்பு) சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுங்கள். தீபாவளி போனஸையும் அதோடு சேர்க்கலாம்.

வலிக்காத ஒரு வழியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதத்திலிருந்து இறங்கத் தொடங்கி ஜூனுக்குள் 5.5 ஆனது. வட்டி குறைந்ததும் உங்கள் வங்கி இஎம்ஐயைக் குறைத்திருந்தால், பழைய தொகையையே தொடர்ந்து கட்டுங்கள். பழைய எம்சிஎல்ஆர் (வங்கி தன் நிதிச் செலவை வைத்து நிர்ணயிக்கும் வட்டி) கணக்கிலேயே இருப்பவர்கள் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு ரெப்போ சார்ந்த வட்டிக்கு மாறுவது நல்லது. அதிக வட்டிக் கடனில் கூடுதல் பணம் கொட்டுவதைவிட, முதலில் வட்டியைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, எஸ்ஐபியா கடனா? கடனை அடைத்தால் 8.5% நிச்சய லாபம், அதற்கு வரியும் இல்லை. வங்கி டெபாசிட்டில் வரி போக இவ்வளவு கிடைப்பது கஷ்டம். பங்குச் சந்தை நீண்ட காலத்தில் இதைவிட அதிகம் தரலாம், தராமலும் போகலாம். புதிய வருமான வரி முறையில் இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது. வரிச் சலுகைக்காகக் கடனை நீட்டுவதில் அர்த்தமில்லை. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் கழிவு. உங்கள் ஆண்டு வட்டி இப்போது அதைத் தாண்டித்தான் இருக்கும். என்னைக் கேட்டால், ஏற்கெனவே ஒரு எஸ்ஐபி ஓடுகிறது என்றால் அதை நிறுத்தாமல் இந்த 5,000 ரூபாயைக் கடனுக்குக் கொடுப்பேன். ஆனால் கிரெடிட் கார்டு பாக்கியோ பர்சனல் லோனோ இருந்தால் முதலில் அதை அடையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணமும் கையில் இருக்க வேண்டும். வீட்டுக் கடனில் போட்ட பணத்தை ஆஸ்பத்திரி செலவுக்குத் திரும்பக் கேட்டால் வங்கி தராது. ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனில் மட்டும் அந்த வசதி உண்டு.

கடன் முடிந்ததும் நிலுவை இல்லாச் சான்றோடு வந்துவிடாதீர்கள். வீட்டின் மூலப் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. தமிழ்நாட்டில் கடனுக்காக எம்ஓடி (பத்திரங்களை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருப்பீர்கள். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.