டொக்டரிடம் கேளுங்கள்: தலையைத் திறப்பதா, தொடை வழியாகப் போவதா?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 58 வயது. தலைச்சுற்றுக்கு ஸ்கான் எடுத்த இடத்தில் மூளையின் அடியில் ஒரு இரத்தக் குழாயில் 6 மில்லிமீற்றர் வீக்கம் இருப்பது தெரிய வந்தது. வெடிக்கவில்லை. ‘பசிலார் நுனி’ என்று எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் பார்த்த நிபுணர் தொடையின் இரத்தக் குழாய் வழியாகக் கொயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வைத்து வீக்கத்தை அடைக்கலாம் என்கிறார். மாமாவோ, தலையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தை இறுக்கும் கிளிப் போட்டால்தான் வருத்தம் அடியோடு தீரும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இந்த முறை மண்டூர்த் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்து வீக்கத்துக்குப் பொருந்தும் நியாயம். 1937இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் வால்டர் டான்டி முதன்முதலில் வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போட்டார், அது மூளையின் முன்பக்கக் குழாயில். சரியாக விழுந்த கிளிப் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும், அது உண்மைதான்.

அம்மாவுடையது இருக்கும் பசிலார் நுனி அப்படிப்பட்ட இடமல்ல. பிடரிப் பக்கமாக ஏறும் இரண்டு குழாய்கள் ஒன்றாகி, மூளைத்தண்டின் முன்னால் மேலே போய், மறுபடி இரண்டாகப் பிரியும் இடம் அது. படுவான்கரை வயலில் வாய்க்கால் பிரியும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் நேரே மோதும் கரைதான் முதலில் அரிக்கும். இங்கும் அதே கதைதான். மண்டையின் நட்டநடு ஆழம், கண்ணை அசைக்கும் நரம்புக்குப் பக்கத்து இடுக்கு வழியாகத்தான் கிளிப்பைக் கொண்டுபோக வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, வீக்கத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடும் மயிர் போன்ற சின்னக் குழாய்கள். நாம் விழித்திருக்க உதவும் பகுதிக்கு இரத்தம் போவது அவற்றால்தான். அதில் ஒன்று கிளிப்புக்குள் அகப்பட்டால் வீக்கம் அடைபட்டிருக்கும், ஆனால் அம்மா சரியாகக் கண் விழிக்காமல் போகலாம். கனடாவில் சார்ல்ஸ் டிரேக் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இந்த இடத்தில் துணிந்து கைவைத்துப் பெயர் எடுத்தார், ஆனால் டிரேக்குகள் ஊருக்கு ஒருவர் இல்லையே!

1990களில் குக்லியெல்மி என்ற மருத்துவரின் பிளாட்டினக் கொயில் வந்த பிறகு இந்த இடத்துக்கு அதுதான் பெரும்பாலும் முதல் தெரிவு. வீக்கத்தின் வாய் மிக அகலமாக இருந்தாலோ, முக்கியமான கிளை வீக்கத்திலிருந்தே புறப்பட்டாலோ, கொயில் சரிவராமல் போனாலோதான் திறப்பதைப் பற்றிப் பேச்சு வரும். ஆகவே நிபுணரிடம் முதலில் கேளுங்கள், வாய் எவ்வளவு அகலம் என்று. அகலம் என்றால் ஸ்டென்டும் (கொயிலைத் தாங்கும் வலைக்குழாய்) வைப்பார்கள், அப்போது இரத்தத்தை இளக்கும் இரண்டு வகைக் குளிசைகளை மாதக்கணக்கில் போட வேண்டும், அம்மாவுக்கு வயிற்றுப்புண் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கொயிலிலும் குறை உண்டு. இரத்தம் நேரே மோதும் இடம் என்பதால் அது நாளாக நாளாக அமுங்கி, வாய் திரும்பத் திறக்கலாம். திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 300 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புப் பயணம். இதையும் கணக்கில் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அவசரமா என்றால், இல்லை. வெடிக்காத வீக்கங்களைத் தொடர்ந்து பார்த்து 2003இல் வெளியான பெரிய ஆய்வில், பின்பக்கக் குழாய்களில் 7 மில்லிமீற்றருக்குக் குறைவான வீக்கம் 5 வருடத்தில் வெடித்தது 100 பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான். 7ஐத் தாண்டினால் அது 14க்கு மேல் ஏறுகிறது. அம்மா எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார், அதனால் நிபுணர் யோசிப்பது நியாயம். முடிவெடுக்கும்வரை, அம்மா பிரஷர் குளிசை போடுபவர் என்றால் அது ஒரு வேளையும் தவறக்கூடாது, வீட்டில் யாராவது புகைத்தால் முற்றத்துக்கு அனுப்புங்கள்.

திடீரென்று இடி விழுந்தது போலத் தலையிடி, சத்தி, பிடரி இறுக்கம், கண் இமை தொங்குவது, இதில் எது வந்தாலும் பனடோல் கொடுத்து விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மண்டூருக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறும்போது வெயிலில் நிற்க வைக்காதீர்கள், குளிசையைக் கைப்பையில் போடுங்கள், மாமாவையும் கூட்டிப் போங்கள், சாமான் தூக்க ஆள் வேண்டுமே.