மகள் எழுத்தாளராக வரட்டும், ஆயிரம் பிரதி வேண்டாம்

அம்மா, நீங்கள் இரண்டு விடயம் கேட்டிருக்கிறீர்கள். மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்து எழுத்தாளராக வரப்போகிறேன் என்கிறாள், விடலாமா? கனடாவில் இருக்கும் மாமா காசு அனுப்புகிறேன், அவளுடைய கதைகளை ஆயிரம் பிரதி அடியுங்கள் என்கிறார், அடிக்கலாமா? முதலாவதுக்கு என் பதில் ஓம். இரண்டாவதுக்கு வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் புத்தகம் எப்படி விலைப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைப்போம். வெளியீட்டுரை, நயப்புரை எல்லாம் முடிய, சிறப்புப் பிரதி வாங்குவோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்வலப்பில் காசு வரும். அச்சுச் செலவில் ஒரு பங்கு அன்று பின்னேரமே தேறிவிடும். மிச்சப் பிரதிகளைக் கடையில் வைத்தால் விலையில் மூன்றிலொன்று வரை கழிவாகப் போகும், அதுவும் விற்ற பிறகுதான் கணக்கு. சரி, பதிப்பகமே எடுத்துப் போட்டாலும் தமிழில் றோயல்டி, அதாவது எழுதியவருக்குக் கிடைக்கும் பங்கு, பெரும்பாலும் விலையில் 10 வீதத்தை ஒட்டித்தான். 1,000 ரூபாப் புத்தகம் 300 போனால் கைக்கு 30,000 ரூபா. அதை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது.

ஆனால் அச்சுத் தொழில் இப்போது அவளுக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. டிஜிட்டல் அச்சில் 50 பிரதி, 100 பிரதி என்று தேவைக்கு அடிக்கலாம். ஒரு பிரதியின் அடக்கவிலை கொஞ்சம் கூடும், ஆனால் முதல் முடங்காது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அதைப் பார்த்த பிறகும் வீட்டு அறை நிறையப் புத்தகம் அடுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாசகர்களில் எத்தனையோ பேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். பார்சல் செலவு புத்தக விலையையே தாண்டிவிடும். அவர்களுக்கு மின்நூல் சுகம். அமேசனின் மின்நூல் தளமான கிண்டிலில் 2016 முதல் தமிழில் நாமே நூல் வெளியிடலாம். 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடையில் விலை வைத்தால் கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளின் விற்பனையில் 70 வீதம் வரை எழுதியவருக்கு. மற்றபடி 35 வீதம்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விடயம், உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணமே பதிப்புரிமை அவளுக்கு. பதிவு தேவையில்லை. அவள் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் அது செல்லும். எங்கள் ஆட்களோ அறிமுகமானவர், நல்ல மனிதர் என்று வாய்ப்பேச்சிலேயே கொடுத்துவிடுவார்கள். அச்சு வேறு, மின்நூல் வேறு, ஒலிநூல் வேறு, மொழிபெயர்ப்பு வேறு, சினிமா வேறு. "அனைத்து உரிமைகளும்" என்ற சொல்லைக் கண்டால் கையெழுத்து வைக்க வேண்டாம். 2023இல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி தொடங்கி, தமிழ் நூல்களை வேறு மொழிகளுக்குக் கொண்டுபோகத் தமிழ்நாடு அரசு நிதியும் கொடுக்கிறது. மொழிபெயர்ப்பு உரிமையை இன்று சும்மா விட்டுவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது.

அப்போ சாப்பாட்டுக்கு? புத்தகத்தைச் சுற்றி இருக்கும் வேலைகள். எங்கள் அச்சகங்களில் நினைவு மலர், கோயில் மலர், புலமைப்பரிசில் பயிற்சி நூல் என்று வருடம் முழுக்க ஏதாவது ஓடும். அதில் பல கோப்புகள் இன்னும் பாமினியில் வருகின்றன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு. அதை இப்போது எல்லாக் கணினியிலும் பொதுவாக ஓடும் யுனிகோடுக்கு மாற்றினால் இடையில் கிடக்கும் ஆங்கிலச் சொல்லெல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். யாராவது வரிவரியாகக் குந்தியிருந்து பார்க்கத்தான் வேண்டும். மெய்ப்பு (அச்சுப்பிழை) பார்த்தல், பக்க வடிவமைப்பு, செம்மையாக்கம், மொழிபெயர்ப்பு நாலும் தெரிந்த பிள்ளைக்கு வேலை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு இந்த வேலையையும் விழுங்காதா என்று கேட்பீர்கள். சுலபமான பகுதியை விழுங்கும். எங்கள் பேச்சுவழக்கு, உறவுமுறை, ஊர்ப்பெயர் சரியா என்று சொல்ல, தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்கு உதவ ஆங்கிலத்தை இப்போதே பலப்படுத்தச் சொல்லுங்கள், முடிந்தால் சிங்களத்தையும். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புக் கற்கைக்கு என்ன தகைமை என்று பாருங்கள்.

மாமாவிடம் 100 பிரதிக்கு மட்டும் காசு கேளுங்கள். மிச்சத்துக்கு ஒரு மடிக்கணினி வாங்கட்டும். ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அச்சகத்துக்குக் காசு கட்டும்போது பிடிஎஃப் மட்டுமல்ல, திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் தருவதாக எழுதி வாங்குங்கள். அது கையில் இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்புக்கு முழுப் புத்தகத்தையும் திரும்பத் தட்டச்சு செய்ய நேரிடும்.