பதிவுவகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சம்மாந்துறை): எஃப் ஷார்ப் நிரல்மொழியில் பதிவொன்றை (பெயரிட்ட புலங்களில் பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தரவை) உருவாக்கும்போது ஒரு புலத்தை விட்டுவிட்டுப் பின்னர் நிரப்பலாமா?

பதில்: முடியாது. ஒரு புலம் குறைந்தாலும் தொகுப்பான் (நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பிழை காட்டும். விடுபடக்கூடிய தரவாயின் அப்புலத்தை, மதிப்பு இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் எனக் காட்டும் ஒப்ஷன் வகையாக அறிவித்து, மதிப்பு இல்லை என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): தொகுப்பான் என் பதிவை வேறொரு வகையாக எடுத்துக்கொள்கிறது. ஏன்?

பதில்: நிரலையும் பிழைச்செய்தியையும் அனுப்பாமல் காரணம் கேட்பது முறையன்று. இரு வகைகளுக்கும் ஒரே புலப்பெயர்கள் இருப்பின், இறுதியாக அறிவிக்கப்பட்டதையே தொகுப்பான் தெரிவுசெய்யும். பதிவின் வகைப் பெயரை நிரலில் நீங்களே எழுதுங்கள் என்று முன்னரும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (அக்கரைப்பற்று): ஒரு புலத்தை மாற்ற முழுப் பதிவையும் நகலெடுப்பது நினைவகத்தை வீணாக்குகிறது என்பதால், எல்லாப் புலங்களையும் மியூட்டபிள் (உருவாக்கிய பின்னும் மாற்றக்கூடியவை) ஆக்கிவிட்டேன். சரிதானே?

பதில்: சரியன்று. ‘வித்’ என்னும் சொல்லைக் கொண்டு பழைய பதிவிலிருந்து புதிய பதிவை உருவாக்கும்போது, உள்ளே இருக்கும் சரங்களும் பட்டியல்களும் நகலெடுக்கப்படுவதில்லை. அவற்றைச் சுட்டும் முகவரிகள் மட்டுமே நகலாகின்றன. பத்துப் புலங்கள் கொண்ட பதிவுக்கு ஏறத்தாழ 100 பைட் போதும். பத்தாயிரம் மாற்றங்கள் செய்தாலும் ஒரு மெகாபைட் அளவுதான். அதையும் குப்பை சேகரிப்பான் விரைவில் மீட்டுக்கொள்ளும். இந்தச் சிறு சேமிப்புக்காக நீங்கள் இழப்பது பெரிது. ஓர் அரிசி ஆலைக்கு நெற்கொள்வனவு நிரல் எழுதியபோது நானும் விலைப்பதிவை மியூட்டபிள் ஆக்கினேன். சிறுபோகத்துக்குப் புதிய விலையை இட்டதும், அதே பதிவைச் சுட்டிக்கொண்டிருந்த பெரும்போகப் பற்றுச்சீட்டுகள் யாவற்றிலும் விலை மாறிவிட்டது. நெற்காணி உரிமையாளரான போடியார்மார் கையில் இருந்த துண்டுகளை வாங்கி ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதாயிற்று. மேலும், அத்தகைய பதிவை டிக்ஷனரியின் (திறவைக் கொண்டு மதிப்பைத் தேடும் அட்டவணையின்) திறவாக இட்ட பின் ஒரு புலத்தை மாற்றினால், அதைத் தேடும் இடத்தைக் குறிக்கும் ஹாஷ் மதிப்பும் மாறுவதால், உள்ளே இருக்கும் பதிவைத் தேடினாலும் கிடைக்காது. அளந்து பார்த்து வேகக்குறைவு உறுதியான இடத்தில் மட்டும் மியூட்டபிள் இடுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): ஒரே மதிப்புகள் கொண்ட இரு பதிவுகள் சமமா?

பதில்: ஒரே வகையாயின் சமமே. ஆனால் புலங்களில் உள்ள பணத்தொகைக்குத் தசமவகையைப் (டெசிமல்) பயன்படுத்துங்கள்; பின்னங்களைத் தோராயமாக வைக்கும் மிதவைப் புள்ளியில் 0.1 உம் 0.2 உம் கூடி 0.3 க்குச் சமமாவதில்லை.

கேள்வி (பொத்துவில்): ஹாஸ்கெல் நிரல்மொழியில் இரு பதிவுவகைகளுக்கு ஒரே புலப்பெயரை இடலாமா?

பதில்: அங்கே புலப்பெயர் ஒரு சார்பாகவும் (ஃபங்ஷன்) அமைவதால், ஒரே மொடியூலுக்குள் (நிரற்பகுதிக்குள்) இயல்பாக இட முடியாது. 2016 இல் வந்த ஜிஎச்சி 8.0 என்னும் ஹாஸ்கெல் தொகுப்பான் இதற்கென ஒரு நீட்சியைத் தந்தது. நான் இன்னமும் வகைகளைத் தனித்தனி மொடியூல்களில் வைத்தே எழுதுகிறேன்.