கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதா?

ஜெபித்தும் பதில் வராதபோது "கர்த்தருடைய வேளை வரும்" என்கிறார்களே, அதுவரை சும்மா இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எரேமியா 29-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உங்களைக் குறித்து நான் நினைப்பது தீமையல்ல, சமாதானமே என்று கர்த்தர் சொல்லும் அதன் 11-ஆம் வசனத்தைக் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிறோம். பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் உங்களை ஊருக்குத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறது அதற்கு முந்தைய வசனம்; அந்த 70 வருஷத்தை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை!

அது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். கி.மு. 597-இல் அவர்களைக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவன் எருசலேமில் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க இனிமைதான், ஆனால் பொய். எரேமியா எழுதியதோ வேறு: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அப்புறம் அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். சிறைபிடித்தவன் ஊருக்காக! எனக்கு அந்த அதிகாரத்திலேயே கடினமான வரி இதுதான்.

கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பவே இல்லை. பெர்சிய ராஜா கோரேஸ் கி.மு. 538-இல் அனுமதி கொடுத்தபோது கிளம்பியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். பாபிலோனில் கட்டிய அந்த வீடுகளில் பிறந்தவர்கள்.