தொப்பி போட்டால் நுவார் ஆகிவிடுமா?

கேள்வி: ஃபிலிம் நுவார் (இருளும் நிழலும் நிறைந்த, 1940கள், 50களின் ஹாலிவுட் குற்றப்படங்கள்) பாணியில் ஒரு குறும்படம் எடுத்தேன். நாயகனுக்குத் தொப்பியும் நீண்ட கோட்டும் அணிவித்து, கையில் சிகரெட்டும் கொடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய பிறகும் அது மாறுவேடப் போட்டியைப் போலத்தான் தெரிகிறது. எங்கே தவறினேன்?
- வாசகர், கோவை

பதில்: 1940களின் அமெரிக்காவில் தொப்பி என்பது தெருவில் போகும் ஆண்கள் பலரும் அணிந்த அன்றாட உடை. ஒளிப்பதிவாளருக்கோ அதன் விளிம்பு, மேலிருந்து விழும் வெளிச்சத்தை மறித்துக் கண்களை இருட்டில் வைக்க உதவியது. நீங்கள் முகத்துக்கு நேராகவும் ஒரு விளக்கை எரியவிட்டிருந்தால், தொப்பிக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிருக்கும்.

பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) படத்தை, பொருள்களை மட்டும் கவனித்தபடி ஒரு முறை பாருங்கள். பட்டைத் திரைகளின் (ஜன்னலில் தொங்கும், கிடைமட்டப் பட்டைகளாலான திரைகள்) வழியே வரும் வெயில், சிறைக் கம்பிகளைப் போல நாயகன் மீது கோடுகளாக விழுகிறது. அவன் இன்னும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அந்தக் காட்சி நடக்கும் வீட்டின் காற்றில் தூசி மிதப்பது தெரிவதற்காக, ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் தூளைப் பறக்கவிட்டார். (நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. அளவாகப் போட்ட சாம்பிராணிப் புகையே போதும்.) எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது தீக்குச்சிதான். நாயகனுடன் வேலை செய்யும் மூத்த அதிகாரியிடம் ஒருபோதும் தீக்குச்சி இருப்பதில்லை என்பதால், அவருடைய சுருட்டுக்கு நாயகனே படம் முழுவதும் குச்சியைக் கட்டைவிரல் நகத்தில் உரசிப் பற்றவைக்கிறான். குண்டடிபட்டுச் சரிந்து கிடக்கும் இறுதிக் காட்சியில் அவனுடைய சிகரெட்டை அவர் பற்றவைக்கிறார். இருவருக்கும் இடையிலிருந்த பாசம் முழுவதையும் அந்தக் குச்சி சொல்லிவிடுகிறது. உங்கள் நாயகனின் சிகரெட்டை எடுத்துவிட்டால் கதையில் எதுவும் குறையாது என்றால், எடுத்துவிடுங்கள்.

பட்டைத் திரை தேடி அலையவும் வேண்டாம். நம் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே சற்றுத் தொலைவில் ஒரே ஒரு சிறிய விளக்கை வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்தால், எதிர்ச்சுவரில் கம்பிகளின் நிழல் கூர்மையாக விழும். கம்பிகளை ஒட்டி விளக்கை நகர்த்தினாலோ, பெரிய விளக்காக வைத்தாலோ நிழல் கலங்கிவிடும்.

கேள்வி: நுவாருக்குக் கறுப்பு வெள்ளை கட்டாயமா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. 1945இல் வெளிவந்த 'லீவ் ஹர் டு ஹெவன்' டெக்னிகலர் வண்ணப் படம்; அதன் மிகக் கொடூரமான காட்சி பட்டப்பகலில், அழகிய ஏரி ஒன்றின் நடுவே நடக்கிறது. கணவனின் தம்பி நீரில் மூழ்குவதைப் படகில் அசையாமல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாயகி, கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறாள்.